மாமியார் கொடுத்த எலும்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், மட்டாஞ்சேரி மிளகு மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் கணவர், மழையில் நனைந்த படியில் வழுக்கிக் காலெலும்பை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் பிரிக்கும் காலம் வருவதற்குள் மாமனாரின் திவசம் வந்துவிட்டது.

தலை முழுகாமல் பிண்டம் வைப்பதாவது! மாமியார் பிடித்த பிடியில் நின்றார். வெந்நீரில் ஊறவைத்துக் கட்டைப் பிரித்தோம். இவரும் முழுகிவிட்டுப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது போட்ட அலறல் தெரு முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனை மாதம் கட்டிவைத்தும் எலும்பு கூடவில்லை. அறுவைசிகிச்சைதான் கடைசி வழி, அதுவும் பலிக்காவிட்டால் ஆயுசுக்கும் ஊன்றுகோல் என்றார் எர்ணாகுளத்து டாக்டர். எனக்கு மாமியார்மேல் பொல்லாத கோபம். ஆனால் அந்த மனுஷி சோறு இறங்காமல் பாதியாக இளைத்துக் கிடந்தார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

டாக்டர் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். இவருடைய இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து முறிவின் இடைவெளியில் வைப்பாராம். வைத்த எலும்பில் பெரும்பகுதி செத்துப்போகுமாம். ஆனால் அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு புரதம், சுற்றியுள்ள செல்களைக் கூப்பிட்டு எலும்பாக மாறச் சொல்லுமாம். அது எப்படி என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்களாம்.

கூட வந்திருந்த மாமியார் எழுந்து நின்றார். "என் இடுப்பிலேர்ந்து எடுத்துக்கோங்கோ சாரே. கெடுத்தது நானாக்கும்."

"அது சரியாகாது அம்மே. மகனோட சொந்த எலும்புதான் வேணும்."

"அவனுக்கு எலும்பு எங்கேர்ந்து வந்தது? நான் பெத்ததில்லையா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். "அப்போ அம்மை கொடுத்த எலும்பைத்தான் எடுக்கப் போறேன். போதுமோ?"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. அத்தனை நாள் வைத்திருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் இடைவெளியில் வெள்ளை படர்ந்திருந்தது. இவர் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாலும், கோலில்லாமல் மண்டிக்குப் போய்வந்தார்.

விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார், "அவன் கால்லே இருக்கறது என்னோட எலும்பாக்கும்" என்பார். அவர்கள் நம்பாமல் என்னைப் பார்ப்பார்கள்.

"ஆமாம், அம்மாவோடதுதான்" என்பேன் நான்.