உள்தோலுக்கு அடியில் ஓர் ஊசி

ஜவுளிக்கடையில் ஓர் அம்மாளுக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தபோது எனக்கு வாந்தி வந்தது. திரும்புவதற்குள் விரித்திருந்த துணியெல்லாம் ரத்தம். அதற்கு முன்பே மலம் தார்போல் கறுத்துப் போயிருந்தது. நான்தான் பொருட்படுத்தவில்லை.

சங்கரன்கோவிலில் குளுக்கோஸ் ஏற்றி, மதுரைக்கு அனுப்பினார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாதது. உணவுக்குழாயின் அடியில் வேரிசஸ் (புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாய்கள்) இருக்கின்றன, அவற்றில் ஒன்று வெடித்திருக்கிறது என்றார் டாக்டர்.

"குடிச்சுக் கல்லீரல் கெட்டவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும். குடிப்பீங்களா?"

"தொட்டதே இல்ல சார்."

அவர் என் மனைவி கோமதியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. மறைச்சா வைத்தியம் பண்ண முடியாது."

கோமதி தரையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியல சார்" என்றாள்.

கடை அடைத்தால் நேரே வீட்டுக்கு வருகிறவன் நான். அது அவளுக்குத் தெரியும். டாக்டர் போனதும் கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"எங்கப்பாவும் குடிச்சிட்டு வந்து, குடிக்கலன்னு கற்பூரத்தை அணைச்சுத்தான் சத்தியம் பண்ணுவாரு. எங்கம்மா கடைசிவரைக்கும் நம்புனா. நீங்க ரத்தமா கக்குதீய. நான் எதை நம்ப?"

சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஸ்கிளீரோதெரபி (புடைத்த குழாய்களை மருந்து செலுத்திச் சுருங்கவைப்பது). இதற்குப் போகிறவர்கள் பயப்படுவது குழாய்க்குத்தான். தொண்டையில் கசப்பு மருந்தை அடித்து மரத்துப்போகச் செய்கிறார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, எச்சிலை விழுங்காமல் வழியவிட்டால் மூச்சு தானாக வரும். குழாய்க்குள் இன்னொரு மெல்லிய உறை போகிறது. அதன் நுனியில் ஊசி ஒளிந்திருக்கிறது. "வெளிய விடுங்க" என்று டாக்டர் சொன்னால் நர்ஸ் பிடியை அழுத்துவார், ஊசி நீளும். உள்தோலுக்கு அடியில் மருந்து இறங்கி, அந்த இடம் கொப்புளமாய் எழும்பும். "உள்ள இழுங்க." அப்புறம் அடுத்த இடம். ஊசி குத்துவது தெரியவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நெஞ்சுக்குழியில் வலி பிடித்துக்கொண்டது. ஆறவைத்த பால்கூடத் தயங்கித்தான் இறங்கியது.

சில வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கோமதிதான் கூட வந்தாள். பஸ்ஸில் என் தலை சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

ரத்தக்குழாய்கள் படத்தில் தெரிவதற்காக மண்ணீரலில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபிறகு டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கல்லீரல் நல்லாருக்கு. இது குடியால வந்ததில்ல. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் அடைபட்டிருக்கு. அந்த ரத்தம் வேற வழி தேடிப் போய்த்தான் உணவுக்குழாயில புடைச்சிருக்கு. பிறந்த கொஞ்ச நாள்லயே தொப்புள் வழியாக் கிருமி ஏறியிருக்கலாம்."

கோமதி அங்கேயே அழுதாள். ஊருக்கு வந்ததும் தெருவில் ஒவ்வொரு வீடாகச் சொன்னாள்: "டாக்டரே சொல்லிட்டாரு, அவுக குடிக்கவே இல்லியாம்." அவள் சந்தோஷம் உண்மையானது. என்னால்தான் அதில் சேர முடியவில்லை. கூட வாழ்ந்தவனின் வார்த்தை போதாமல், ஓர் எக்ஸ்ரே படம் அவளுக்கு வேண்டியிருந்தது.

என் உடம்பும் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லைதான். தொட்டிலில் கிடந்த நாளில் அடைபட்டது. பள்ளிக்கூடம் போனபோதும், தாலி கட்டியபோதும் அது உள்ளே இருந்திருக்கிறது. ஆரோக்கியமாக இருந்ததாக நான் நினைக்கும் காலமெல்லாம் இப்போது வேறு யாருடையதோ போலிருக்கிறது.

புடைத்த குழாய்கள் சுருங்கிவிட்டன. வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். ஆனால் இன்றும் ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, அது நெஞ்சைத் தாண்டும்வரை காத்திருக்கிறேன். கோமதி எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

"இறங்கிட்டா?"

"இறங்கிட்டு" என்பேன். அடுத்த கவளத்தை எடுக்குமுன், நம்பினாளா என்று அவள் முகத்தைப் பார்ப்பேன்.