சம்பந்தி கேட்ட ஜெர்மன் வண்டி

அன்றைக்கு குட்வில் எஸ்டேட் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், மாப்பிள்ளைப் பையன், பையனின் அப்பா, அம்மா. ஆறு பேர். அது போக கண்ணாடி அலமாரிக்குள் பதினோரு ஜெர்மன் டாங்கிகள். என் மகள் வரவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவள் பையனை ஏற்கெனவே பார்த்து, பேசி, "எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்று சொல்லிவிட்டாள். அதுதான் என் கவலையே. பிடிக்கவில்லை என்றால் இடம் போனாலும் பரவாயில்லை. பிடித்த பிறகு போனால் அது என்னால் போனதாக இருக்கும். இதற்கு முன் வந்த ஓர் இடம் அப்படித்தான் போனது. எனக்கு நெஞ்சுவலி வந்துவிடுமோ என்று அடிக்கடி ஒரு பயம் வரும் என்று நானாகவே அவர்களிடம் சொன்னேன். வலி இன்றுவரை வந்ததில்லை.

பையனின் அப்பா துறைமுகப் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் மூன்று தரம் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்று பெயர். டீ வந்ததும் எங்களை அலமாரிக்கு முன்னால் நிறுத்தினார். நிஜ வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்களாம். வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து இவர் நிறுத்தியிருக்கிறார். எல்லாம் இரண்டாம் உலகப்போர் வண்டிகள், எல்லாம் ஜெர்மன்.

என் மைத்துனருக்குச் சும்மா இருக்க வராது. "சார், நம்ம தீவுக்கு வந்தவன் ஜப்பான்காரன். பங்கர் கட்டிட்டுப் போனான், இன்னும் ரோட்டோரத்துல கிடக்கு. ஜெர்மன்காரன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையே?"

"அதனாலதான் அவன்மேல எனக்குக் கோபம் இல்ல" என்றார் அவர், சிரிக்காமல்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க மெயின்லாண்ட் போறதா வீட்ல சொன்னாங்க."

எனக்கு ஃபெரியில் தாண்டினால் அக்கரை, பம்பூஃப்ளாட்டில் ஸ்கூட்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சரக்கு எடுக்கச் சென்னை போக வேண்டியிருந்தது. ஆமாம் என்றேன். அவர் ஒரு பழைய புகைப்படத்தின் நகலை எடுத்து என் கையில் வைத்தார். டாங்கி மாதிரி இருந்தது, ஆனால் மேலே சுழலுகிற கூண்டு இல்லை. பீரங்கி நேராக உடம்பிலிருந்தே நீட்டிக்கொண்டிருந்தது. பெயர் ஸ்டூக். "இது ஒண்ணுதான் நம்மகிட்ட இல்ல. இங்க எவனும் அனுப்பமாட்டேங்கிறான், பின்கோடைப் போட்டாலே முடியாதுன்னு வருது. ஆனா பார்த்து வாங்கணும். மார்க்கெட்ல தப்புத்தப்பா நிறைய இருக்கு. சரியானதா எடுத்துட்டு வாங்க. எவ்வளவு ஆனாலும் குடுத்துடறேன்."

திரும்பி வரும்போது சாத்தம் படகு ஜெட்டியில் ஃபெரிக்குக் காத்திருந்தோம். என் மனைவி, "பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள். நான் சொன்னேன்: "கேட்டாச்சு. இதுதான் கேள்வி. நம்ம எப்படிப்பட்ட ஆளுங்கன்னு இதுல பார்க்கப் போறார்." மைத்துனர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பத்தாவது வரை படித்தவர். நான் எட்டாவதோடு நின்றவன். பரீட்சை என்றால் எனக்குத்தான் உடனே தெரியும்.

அன்று முதல் படிக்க ஆரம்பித்தேன். மொபைலில் இந்த வண்டிகளைக் கட்டுகிறவர்களின் வீடியோ நிறைய இருக்கிறது. ஜெர்மனிலும் இங்கிலீஷிலும் பேசுவார்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர்கள் கையை மட்டும் பார்ப்பேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அதுதான் வேலை. இந்த ஸ்டூக்கை வருஷத்துக்கு ஒரு மாதிரி மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நம்முடைய புகைப்படத்தில் பீரங்கி முளைக்கிற இடம் உருண்டு மழுங்கிப் பன்றி மூஞ்சி மாதிரி இருந்தது. அந்த மூஞ்சி கடைசிக் காலத்து வண்டிக்குத்தான் வரும். முந்தைய வண்டிகளுக்குச் சதுரம். இன்னொன்று, காந்த வெடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலெல்லாம் ஒரு பசை பூசியிருப்பார்கள். நம் கொத்தனார் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் சிமென்ட்டில் சீப்பு இழுப்பாரே, அதே வரி வரியான அடையாளம். கொஞ்ச நாள்தான் பூசினார்களாம், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். மூஞ்சி, பூச்சு இரண்டும் ஒரே வண்டியில் இருக்கவேண்டும். தூக்கத்தில் மனைவியை எழுப்பிச் சந்தேகம் கேட்டதாக அவள் சொல்கிறாள். இருக்காது.

சென்னையில் ஒரு மாடிக் கடை. இரண்டு பெட்டிகள் இருந்தன. சின்னது இரண்டாயிரத்துச் சொச்சம். மேலே படம் பிரமாதம், புகையும் நெருப்பும். பக்கவாட்டில் குட்டியாக அச்சடித்திருந்த உதிரிப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மூஞ்சி சதுரம். பூச்சு இல்லை. படத்தில் உருண்டை, உள்ளே சதுரம். பெரியது ஐயாயிரத்து எண்ணூற்று ஐம்பது. மூஞ்சி சரி. பூச்சு சரி. போதாததற்கு, சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற சங்கிலி. சின்னப் பெட்டியில் சங்கிலி ரப்பர் பட்டையாக ஒரே துண்டு. பெரியதில் ஒவ்வொரு கண்ணியும் தனி. புகைப்படத்தில் சங்கிலி மேல் பக்கம் லேசாகத் தொய்ந்து கிடந்தது. ரப்பர் அப்படித் தொய்யாது. கோத்தால்தான் தொய்யும்.

மகளுக்கு போன் போட்டேன்.

"அப்பா, அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"கேட்டா நமக்குத் தெரியாதுன்னு ஆயிடும்மா."

"தெரியாதுதானே?"

"இப்பத் தெரியும்" என்றேன். இரண்டு பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "பெருசையே எடுங்க. பொண்ணு பார்த்தது உங்களைத்தான் போல" என்று வைத்துவிட்டாள்.

லக்கேஜில் போட்டால் நசுங்கிவிடும் என்று பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன். ஏர்போர்ட்டில் மெஷினுக்குள் போனது வெளியே வரவில்லை. சீருடைக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு பாக்கெட்டில் விரல் நீளத்தில் பித்தளைக் குழாய்.

"யே க்யா ஹை?"

என்ன இது என்கிறார். என் ஹிந்தி பஜாரில் கற்றது. விலை பேச வரும், விளக்கம் சொல்ல வராது. "தோப் கா நாலி" என்றேன். பீரங்கிக் குழல். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் நின்று என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது.  அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆள், "கோலா கஹான் ஹை?" என்றார். குண்டு எங்கே என்று கேட்கிறார். அது கிண்டல் என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அதற்குள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டி முடித்திருந்தேன். கடைசியில் விலையைக் கேட்டார்கள். சொன்னதும் இரண்டு பேர் முகமும் மாறியது. அதுவரை நான் குற்றவாளி, அதற்குப் பிறகு பாவப்பட்டவன். கூடவே வாங்கியிருந்த ஒட்டுப்பசை பாட்டிலை மட்டும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அனுப்பினார்கள்.

பெட்டியோடு குட்வில் எஸ்டேட் போனேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூஞ்சியைப் பார்த்தார். பூச்சைத் தடவினார். புகைப்படத்தையும் துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.  பிறகு கண்ணிகள் இருந்த பாக்கெட்டைக் கையில் எடுத்தார். நகம் அளவு துண்டுகள், பிளாஸ்டிக் சட்டங்களில் வரிசையாக ஒட்டியபடி, எண்ண முடியாத அளவுக்கு.

"சரியா இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "ரொம்பச் சரியா இருக்கு" என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "ரப்பர் சங்கிலி மாட்டினதுக்கே போன தடவை ரெண்டு நாள் கை நடுங்குச்சு. இது வேறயா?"

அவர் அதைக் காதில் வாங்காத மாதிரி எழுந்து போய் இரண்டாயிரம் ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். "மீதி அடுத்த வாரம். ஞாயித்துக்கிழமை வாங்க."

தீர்ப்பு ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொண்டு போனேன். போனால் எனக்கும் ஒரு கட்டர், ஒரு அரம் எடுத்து வைத்திருந்தார். கண்ணியைச் சட்டத்திலிருந்து வெட்டவேண்டும், பிசிரை அரத்தால் தேய்க்கவேண்டும், அடுத்ததோடு கோக்கவேண்டும். என் கை ஸ்கூட்டர் நட்டுக்குப் பழகிய கை, அழுத்தினால் உடைந்தது. அவர் கை நடுங்கி, கோத்தது கழன்றது. ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓட, இரண்டு பேரும் குப்புறப் படுத்துத் தேடினோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு விரல் அகலம்தான் ஆகியிருந்தது. கல்யாணத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நானாகக் கேட்கவும் பயம்.

அப்படியே ஞாயிறு தோறும் போக்குவரத்து ஆயிற்று. ஃபெரியில் தெரிந்தவர்கள் இல்லாமல் இருப்பார்களா? டிக்கெட் கொடுப்பவரே, "என்னண்ணே, சம்பந்தி வீட்டுக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். மீன் வாங்கப் போன இடத்தில் என் மனைவியிடம் தேதி கேட்டிருக்கிறார்கள்.  மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சரி என்றே சொல்லவில்லை. ஊர் பேசி முடித்தபிறகு அவர்கள் வேண்டாம் என்றால் என் மகள் எப்படி வெளியே தலைகாட்டுவாள்? யோசித்து யோசித்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிட்டேன். போனையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் மனைவியின் போனில் பையனின் அம்மா வந்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? இவர் காலையிலேர்ந்து ஒரு பக்கச் சங்கிலியைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்கார். சாப்பிடவும் இல்ல."

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு விஷயத்தை அப்படியே சொல்லிவிட்டாள். ஊர் இப்படிப் பேசுது, நீங்க ஒண்ணும் சொல்லலை, இவருக்கு அது கவலை.

"நாங்க என்ன சொல்றது? நீங்கதான் பொண்ணு பார்க்க எப்ப வரச் சொல்லுவீங்கன்னு காத்துட்டிருக்கோம். வாராவாரம் வர்றார், வெட்டறார், தேய்க்கறார், போயிடறார். ரொம்ப அழுத்தமான மனுஷன்னு இவர் சொல்லிட்டிருக்கார். என் பையன் வேற தினம் கேக்கறான். இந்த வாரமே வர்றோம்."

மகள் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கம்தான் ஆச்சாப்பா? இன்னொரு பக்கத்தையும் முடிச்சுக் குடுத்துட்டே வந்திருக்கலாமே" என்றாள். திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

நிச்சயம் முடிந்த அன்று, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டேன். "அந்த வண்டி, என்னைச் சோதிக்கத்தானே கேட்டீங்க?"

சம்பந்தி அப்பளத்தை நொறுக்கினார். "சோதனையா? கடைக்காரன் எதைக் குடுத்தாலும் வாங்கிட்டு வருவீங்கன்னுதான் நெனச்சேன். சின்னப் பெட்டி ஒண்ணு வரும், ரப்பர் சங்கிலியோட. அது இல்லையா அங்க?"

"இருந்துச்சு. அதுல மூஞ்சி சதுரம்."

"அலமாரிக்குள்ள வெச்சா எவன் பார்க்கப் போறான்" என்றார்.

பாயசம் வந்தது. மீதிப் பணத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை, மறந்திருப்பார். ஞாபகப்படுத்தலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "சம்பந்தி வீட்ல காசு கேட்டீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். கேட்டால் அல்பம் என்பார்கள். கேட்காவிட்டால், ஜெர்மன் வண்டியைச் சீராகக் கொடுத்த ஒரே பெண்வீடு என்று பின்னால் ஏதாவது பேச்சு வருமோ என்றும் இருக்கிறது. இரண்டாவது பக்கச் சங்கிலிக்கு ஞாயிறுதோறும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வர வேண்டிய பாக்கி மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.