அம்மனுக்கு நேரே நீட்டிய கால்

அன்பான அம்மன் அடியார்களே, பிழை பொறுக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். எழுத்து கோணல்மாணலாக வரும். மறதியும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு நடந்ததை மறைத்து வைக்க மனம் கேட்கவில்லை.

எனக்கு இருதய வருத்தம். நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டி இரண்டு தடவை ஹந்தானைத் தோட்டத்தில் இருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னொரு தடவை வந்தால் கஷ்டம் என்று டாக்டர் என் மகனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

குற்றம் என் மேல்தான். யார் கேட்டாலும் "ஒண்ணுமில்லங்க" என்றுதான் என் வாயில் வரும். கால் வீங்கினாலும் சேலையை இழுத்து மூடிக்கொள்வேன். டாக்டருக்கு முன்னால் நாக்கே எழும்பாது. வீட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் மட்டும் அழுதேன். "தாயே, எனக்குச் சொல்ல வராது. எனக்காக நீ சொல்லிவிடு" என்று கேட்டேன்.

போன ஆனி மாதம் புதிதாகச் செய்து பார்க்கிற ஒரு கருவியை எனக்கு வைத்தார்கள். கச்சான், அதுதான் நிலக்கடலைப் பருப்பு அளவுதான். தொடையில் இரத்தம் ஓடுகிற நரம்பு வழியாக விட்டு, நுரையீரலுக்குப் போகிற இரத்தக் குழாயில் வைத்தார்கள். கம்பளைப் பக்கத்து நர்ஸ் பிள்ளை ஒருத்தி விளக்கம் சொன்னாள்.

"இதுல பெட்டரி இல்லம்மா. காலைல இந்தக் கரண்ட் தலகாணி மேல முதுகு படுற மாதிரி மல்லாந்து படுங்க. அது முழிச்சுக்கிட்டு, ரத்தம் எவ்வளவு அழுத்துதுன்னு எங்களுக்குச் சொல்லும். எழும்புனா தூங்கிரும்."

அந்தத் தலகாணியையும் என் கையில் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். எங்கள் தொழிலாளர் லயத்து அறையில் கரண்ட் குத்துகிற இடம் ஒன்றுதான். தலகாணி வயர் அந்தப் பக்கம்தான் எட்டும். அங்கே தலை வைத்தால் கால் நேராக அம்மன் படத்துக்கு நீளும். எப்படி நீட்டுவேன்? காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தேன். மூன்று நாள் அப்படித்தான். நர்ஸ் போன் எடுத்து, "ஒண்ணும் வரல்லையே, நேராத்தானே படுக்கிறீங்க?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்று பொய் சொன்னேன்.

நாலாம் நாள் என் மருமகள் சரோஜாவுக்கே போன் வந்தது. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"என்னா மாமி, எறால் மாதிரி சுருண்டு கெடக்கீங்க?"

மெதுவாகக் காரணத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒங்க பேத்தி நடக்கப் பழகுனப்ப ஒங்க நெஞ்சு மேல ஏறி மிதிச்சாளே, கோவிச்சீங்களா? சிரிச்சீங்கதானே. அம்மன் மட்டும் கோவிப்பாவா? நீட்டுங்க கால!"

கண்ணை மூடி, "மன்னிச்சிரு தாயே" என்று சொல்லிக் காலை நீட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் அடித்தது. அந்த நர்ஸ்தான்.

"அம்மா, அழுத்தம் ரொம்பக் கூடியிருக்கு. மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்லங்க." அன்றைக்கு நிஜமாகவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க சொல்லாட்டியும் உள்ள இருக்கிறது சொல்லிருச்சும்மா. ஒடனே வாங்க."

போனைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டு அம்மன் படத்தைப் பார்த்தேன். நான் அம்மனிடம் கேட்டது அந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் நெஞ்சு நிறைந்திருக்கும் என்றார் டாக்டர். எனக்கே தெரியாததை எனக்குள் இருந்து ஒருவர் சொன்னார். அந்தக் கருவியைச் செய்தவர்களின் புத்திக்குள்ளும் அம்மன்தான் இருந்தாள் என்று நம்புகிறேன். இன்றைக்கும் காலையில் அவளுக்கு நேரே கால் நீட்டித்தான் படுக்கிறேன். பயம் போய்விட்டது.

போன கிளினிக்கில் டாக்டர் கேட்க முதலே, "கால் வீங்குதுங்க" என்று சேலையைத் தூக்கிக் காட்டினேன். சரோஜா வாயைப் பிளந்தாள்.

உங்கள் வருத்தத்தையும் அம்மனிடம் சொல்லுங்கள். அவள் கேட்கிறாள். அவள் அனுப்புகிற ஆட்களிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

குழாயின் பேரையும் கருவி வேலை செய்கிற விதத்தையும் சரியாகச் சொன்னேனா தெரியாது. கோயில் மலரை அச்சில் போட முதல், விபரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தி விடுங்கள்.