ஆரஞ்சு மூடி

வெர்னா செட்டீயின் தண்ணீர் லாரி பதினோரு குளிர்காலமாக ஒரு நாள்கூட நின்றதில்லை. ஏரியே உறைந்துபோகும் அந்த வடக்கத்திய ஏரிக்கரை ஊரில் குழாய் போகாத நாற்பது வீடுகளுக்கும் மருத்துவ நிலையத்துக்கும் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். கணவன் இறந்த மாதமே ஸ்டியரிங்கைப் பிடித்தவள். ஜனவரிதோறும் ஊர்ச்சபை கூடி, அந்த வருடத் தண்ணீர் லாரி ஓட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும். ஜனவரிதோறும் அது அவளுக்கே வந்தது.

இந்த வருடம் சபை கூட ஐந்து நாள் இருக்கையில், இரவெல்லாம் இன்ஜின் உறையாமல் சூடாக வைக்கும் ஹீட்டரின் வயரை வாசல் மின்கம்பத்திலிருந்து பிடுங்க மறந்து லாரியைப் பின்னால் எடுத்துவிட்டாள். வயர் அறுந்து கம்பத்தில் தொங்கியது. அந்த ஊரில் ஒருமுறையாவது அதைச் செய்யாத ஆள் கிடையாது. ஆனால் பார்த்தவன் ஹெக்டர், இறந்த கணவனின் தம்பி. அங்கே மதினியும் கொழுந்தனும் எதிர்ப்பட்டால் கேலி பேசியே ஆக வேண்டும்; பேசாவிட்டால்தான் என்ன சண்டை என்று ஊர் கேட்கும்.

"என்ன மதினி, கட்டிப்போட்ட நாய் மாதிரி அத்துக்கிட்டு ஓடுறே?"

"உன் மூஞ்சியப் பார்த்தா எந்த நாயும் ஓடும் கொழுந்தனாரே."

"சரி சரி, புது வயர் வாங்கி வை. நான் மாட்டித் தர்றேன். நீ வண்டிக்கடியில படுத்தா எழுப்பிவிட ரெண்டு ஆளு வேணும்."

ஞாயிறு மதியம் வந்து அரை மணி நேரம் அடியில் படுத்திருந்தான். எழுந்து வந்து இரண்டு கிண்ணம் மூஸ் மான் சூப் குடித்தான். லாரியின் முகப்பில் புதுப் பிளக் நாக்கு மாதிரி தொங்கியது. கரண்டில் சொருகியதும் இன்ஜினில் காதை வைத்தால், அடுப்பில் வைத்த தண்ணீர் முனகுவது போலக் கேட்கும். வெர்னா சொருகினாள், காதை வைக்கவில்லை. மாட்டிக் கொடுத்தவன் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

திங்கள் காலை மைனஸ் நாற்பத்தொன்று. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இரண்டு முறை கனத்து முனகி அடங்கியது. தொட்டுப் பார்த்தால் பனிக்கட்டி. அதே கம்பத்தில் ஒரு விளக்கைச் சொருகினாள், எரிந்தது. டார்ச்சோடு அடியில் புகுந்து, வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். விசிறியில் படாமல், புகைக்குழாயில் உரசாமல், சாணுக்கொரு கட்டுப் போட்டு நேர்த்தியாகப் போயிருந்தது. முனை மட்டும் ஹீட்டரில் இல்லை. வண்டிச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கியிருந்தது, கடையிலிருந்து வந்த ஆரஞ்சு மூடியைக்கூடக் கழற்றாமல். மறந்துபோகிறவன் இப்படிக் கட்டமாட்டான்.

வெளியே ஊர்ந்து வந்தபோது ஹெக்டரின் வண்டி வாசலில் நின்றது. பின்னால் தண்ணீர்த் தொட்டி, புதுக் குழாய்ச் சுருள்.

"கவலைப்படாத மதினி. இன்னைக்கு நான் ஊத்திட்டு வந்துர்றேன்."

"வண்டி கிளம்பலைன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே."

அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். பிறகு சிரித்தான். "இந்தக் குளிர்ல யாரு வண்டி கிளம்பும்?"

"உன்னுது கிளம்பிருச்சே."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் கையுறையைக் கழற்றி, மூடியைப் பிடுங்கி, முனையில் கிரீஸ் தடவி ஹீட்டரின் ஊசிகள் மேல் அழுத்தினாள். கிளிப் டக்கென்று விழுந்தது. இரண்டு நிமிட வேலை. சொருகிவிட்டுக் காதை வைத்தாள். முனகியது.

இன்ஜின் சூடேறி லாரி கிளம்பப் பதினொரு மணி ஆயிற்று. மருத்துவ நிலையத்துத் தொட்டி அதற்குள் நிரம்பியிருந்தது. "நல்லவேளை ஹெக்டர் வந்தாரு," என்றாள் நர்ஸ்.

புதன்கிழமை சபையில் அவள் ஆரஞ்சு மூடியை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். தலைவர் ஐசாயா மூடியை உருட்டிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

"கொழுந்தன் மதினிகிட்ட விளையாடாம வேற யாருகிட்ட விளையாடுவான்?"

அறையே சிரித்தது. பதினோரு வருடம் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் வாரியதைக் கேட்டுச் சிரித்துப் பழகிய அறை அது. ஆனாலும் அவள் லாரி நின்று தண்ணீர் தாமதமானது விளையாட்டில்லை என்றார்கள். ஓட்டம் ஹெக்டருக்குப் போனது.

வாசலில் அவன் காத்திருந்தான். "என்ன மதினி, கோவமா? நாலு வார்த்தை திட்டேன்."

"வழிய விடு, ஹெக்டர்."

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பின்னால் சிரித்துக்கொண்டே வந்த ஐசாயா சிரிப்பை நிறுத்தினார்.