விடைத்தாள் இல்லாத பரீட்சை

ரசம் வைக்கத் தெரியுமா என்று யாராவது விடைத்தாள் கொடுத்துப் பார்ப்பார்களா? ஒருவர் பேசுவதை அடுத்தவர் மொழியில் அங்கேயே சொல்லும் வேலைக்கு மட்டும் பார்ப்பார்கள். சிதம்பரத்தில் நான் நடத்துவது அந்தப் பாடம். வாத்தியார் வேலையில் வயிறெரிந்தவர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பாவம் பார்த்தது

இந்தத் தடவை பரீட்சையைக் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தேன். டாக்டர், நோயாளி இருவருக்கும் சம்மதம். என் மாணவி மங்கலம்பேட்டை சபீனா, வீட்டில் உருது பேசுகிறவள். அதனால் கட்டட வேலைக்கு வந்த பீகார் அம்மா இந்தியில் சொல்வதை டாக்டரிடம் சொல்வது அவள் பொறுப்பு.

"பிரஷர் மாத்திரையை விட்டுப் பத்து நாளாச்சு" என்றார் அந்தம்மா. அந்த அளவுக்கு எனக்கும் இந்தி புரியும். சபீனாவோ, "ஒழுங்கா போட்டுக்கிறாங்களாம் டாக்டர்" என்றாள்! டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அவளை வெளியே கூட்டிவந்து கத்தினேன். முட்டைதான் மார்க், அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாவம் சார், டாக்டர் திட்டுவாருன்னு பயந்தாங்க."

மறைக்காதது

அடுத்த வாரமும் அதே அம்மா, மாத்திரை மறுபடி விட்டுப்போயிருந்தது. "அறிவிருக்கா?" என்று எகிறினார் டாக்டர். சபீனா அதையும் அப்படியே இந்தியில் சொன்னாள். அந்தம்மா பொரிந்து தள்ளியதையும் தமிழில் அப்படியே திருப்பினாள்: "மாத்திரைக்கு லைன்ல நின்னா அன்னிக்கு வேலை போச்சு. வாரா வாரம் வரச் சொல்றீங்களே, உங்களுக்கு இருக்கா?"

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்தார். "இத மொதல்லயே யாராவது சொல்லக்கூடாதா? ஒரு மாசத்துக்கு எழுதித் தர்றேன்."

பேப்பர் எங்கே?

நல்ல மார்க் போட்டு அனுப்பினேன். ரிசல்ட்டில் ஆப்சென்ட்! இந்தப் பாடம் போனால் அவளுக்கு டிகிரி போச்சு, கூப்பிட்டிருந்த வேலையும் போச்சு. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளோடு தேர்வுப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த மகராசன் அதைத் தொடக்கூட இல்லை. "வாயால பேசுனதுக்கெல்லாம் மார்க்கா? பேப்பர் எங்க சார்?"

அவர் சொன்னது

மூன்றாம் நாள் அதே மகராசன் போன் செய்தார். வடக்கேயிருந்து ஒரு மாணவனின் அப்பா வந்து கத்துகிறார், ஒன்றும் விளங்கவில்லை, இந்தி தெரிந்தவர்கள் யாராவது உண்டா? எனக்கு வந்த கோபத்துக்கு போனை வைத்திருப்பேன். சபீனாதான், "போவோம் சார்" என்றாள்.

பரீட்சை எழுதிய தன் மகனுக்கும் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள் என்பதுதான் அந்த அப்பாவின் கோபம். அவர் சொல்லச் சொல்ல, சபீனா மகராசனை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "பரீட்சைக்கு வந்ததை எல்லாரும் பாத்தாங்க. வரலன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

சபீனா குரலை மாற்றாமல் முடித்தாள்: "இது அவரு சொன்னது சார். நான் சொல்றதுக்குத்தான் பேப்பர் இல்லியே."

அன்று சாயந்திரமே இரண்டு ஆப்சென்ட்டையும் அடித்துவிட்டார்கள், ஆனால் அடுத்த பருவத்திலிருந்து பேசும் தேர்வை மூன்று மணி நேரம் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு சுற்றறிக்கையும் வந்துவிட்டது.