கிளாட்வினின் பேய் எழுத்து

மூன்று. இந்த எண்ணை மறக்காதீர்கள்.

1975இல் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில், கோதுமையில் வண்டு சாக விஷப்புகை போட்டிருந்தார்கள். தெரியாமல் உள்ளே போன இரண்டு சுமைக்காரர்கள் செத்தார்கள். "அபாயம் என்று போர்டு இருந்ததே" என்றது நிர்வாகம். இருந்தது. செத்தவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

சுமைக்காரர்களின் மேஸ்திரி பிச்சையா, பெயின்டர் கிளாட்வினைத் தேடிப் போனார். டாக்கீஸ் விளம்பரத் தட்டிகளில் பேய்ப்படப் பெயர் எழுதுவதில் கிளாட்வினை மிஞ்ச ஆளில்லை. எழுத்தின் காலில் ரத்தம் சொட்டும். கொம்பு நகமாக வளையும். புள்ளி வைக்கிற இடத்தில் மண்டையோடு இருக்கும். படிக்காதவனும் தூரத்திலேயே பேய்ப்படம் என்று சொல்லிவிடுவான்.

"உம்ம பேய் எழுத்துல ஒரு போர்டு எழுதும்வே. பாத்ததும் பயலுவ ஓடணும்."

"பேயே ஓடும், அண்ணாச்சி."

அதே கிடங்கில்தான் கிளாட்வினின் மைத்துனன் ரோச் மூட்டை சுமந்தான். அவனிடம் கிளாட்வின் தனியாக எதுவும் சொல்லவில்லை. எழுத்தே சொல்லிவிடும் என்று நம்பினான்.

ஐப்பசி மழை. கிடங்கில் மறுபடி புகை போட்டிருந்தார்கள். அந்த மாதங்களில் டாக்கீஸ்காரர்கள் தட்டிகளை நனையாமல் கிடங்குகளில் போட்டுவைப்பது வழக்கம். கதவில் சாய்ந்திருந்த பேய் எழுத்துப் போர்டைப் பார்த்து, படிக்கத் தெரியாத ரோச் சிரித்தான்.

"எங்க அத்தான் எழுதுன தட்டியில்லா! அடுத்த படம் போல. வாங்கல, மழைக்கு ஒதுங்குவோம்."

முதலில் நுழைந்தவன் அவன். பின்னால் வந்தவர்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவனைப் பிறகு இழுத்துத்தான் எடுத்தார்கள், மூன்றாவது பிணமாக.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் கிளாட்வினின் மனைவி மெட்டில்டா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எந்தம்பி உம்ம எழுத்த நம்பித்தான் உள்ள போனான்."



அடுத்த மாதம் டாக்கீஸ் மேனேஜர் சுந்தர்சிங் வந்தார்.

"வெள்ளிக்கிழம பேய்ப்படம். ரத்தம் நல்லாச் சொட்டணும்வே."

"வேற எழுத்துல எழுதுதேன், அண்ணாச்சி."

"பேய்க்கு என்ன கல்யாணமா? பூப்போட்டு எழுதப் போறீரோ?"

"அந்த எழுத்தப் பாத்தா மனுசன் விலகி ஓடணும். எந்த டாக்கீஸ்னு கேட்டுக்கிட்டு நிக்கப்பிடாது. இனி அது கிடங்குக்கு மட்டுந்தான்."

சுந்தர்சிங் இன்னொரு பெயின்டரான வேதமணியிடம் போனார். ரோச்சின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் வேதமணி. அவனும் மாட்டேன் என்றான். கடைசியில் சாதாரணக் கட்டை எழுத்தில்தான் தட்டி எழுதினார்கள். படம் என்னவோ ஓடத்தான் செய்தது.

கிளாட்வின் கிடங்கு கிடங்காகப் போனான். புகை போடும் கதவுக்கெல்லாம் போர்டு எழுதினான். சுமைக்காரர்களை அதன்முன் கூட்டிவைத்து, இது படமில்லை, சாவு என்று தன் வாயால் சொன்னான். ஒவ்வொரு கூட்டத்திலும் ரோச்சின் பெயரைச் சொன்னான்.

அடுத்த ஐப்பசியிலும் மழை அடித்து ஊற்றியது. பேய் எழுத்துக் கதவுக்கு எதிரே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆட்கள் வெட்டவெளியில் நனைந்தபடி நின்றார்கள்.

அந்த வருடம் புகையில் செத்தவர்கள்: பூஜ்யம்.