தவிடு கொடுத்து வாங்கிய பிள்ளை

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு ஒரு பேச்சு உண்டு. "உன்ன யாரு பெத்தா? தவுட்டுக்கு வாங்குனோம்" என்பார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழும். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு யாராவது தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சும்மா சொன்னோம்டா கண்ணு" என்று சமாதானம் செய்வார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடைசி வார்த்தையை யாரும் சொன்னதில்லை. என்னை உண்மையிலேயே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள்.

பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போகிற வீட்டில் அந்தக் காலத்தில் இப்படி ஒன்று செய்வார்கள். புதிதாகப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு பழந்துணி விரித்துப் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி முறத்தில் கொஞ்சம் தவிடு கொண்டுவந்து கொடுத்து, "இது எம் புள்ள" என்று சொல்லி எடுத்துக்கொள்வாள். முன்பு பிள்ளைகளைக் கொண்டுபோன சாவு மறுபடி தேடி வந்தால், அந்த வீட்டில் அவர்கள் பிள்ளை என்று ஒன்று இருக்காது. ஏமாந்து திரும்பிவிடும் என்று நம்பிக்கை. அன்று சாயங்காலமே குழந்தை பெற்றவளின் மடிக்கு வந்துவிடும். வாங்கினது என்பது பேச்சுக்குத்தான்.

என் விஷயத்தில் பேச்சு நிஜமாகிவிட்டது.

என்னைப் பெற்றவர்கள் சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் களிமண் மூட்டை இறக்கினார்கள். பக்கத்துக் குடிசையில் ஒரு பெண் இருந்தாள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. ஒரு மாடு இருந்தது. மாடு இருந்ததால் வீட்டில் தவிடு இருந்தது. தவிடு இருந்ததால் அவளைக் கூப்பிட்டார்கள். நான் அவள் கைக்குப் போனதற்கு அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது பெற்றவர்கள் பெங்களூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனார்கள். "ஒரு மாசத்துல வந்துடறோம், புள்ளையப் பாத்துக்குங்க" என்று அவளிடம் விட்டுப் போனார்களாம். வரவில்லை. இருக்கிறார்களா இல்லையா என்றே தகவல் இல்லை. தவிடு கொடுத்தவளைத்தான் நான் அம்மா என்று கூப்பிட்டேன்.

ஐந்தாவது வரைதான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் "தவுட்டுப் பய" என்று கூப்பிடுவார்கள். அதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. எனக்கு வேறொரு பயம் இருந்தது. பெற்றவர்கள் ஒருநாள் முறம் நிறையத் தவிட்டோடு வந்து என்னைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் முகம் தெரியாத ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் மாட்டுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். ஒருநாள் அம்மா பால் கறக்க வந்தவள் பார்த்துவிட்டாள்.

"இங்க என்னாடா பண்ற?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மாட்டின் முதுகில் தட்டிக்கொண்டே, "குடுத்த தவுட்ட அவங்க மாட்டுக்காரனுக்கு வித்துட்டாங்க, அந்த மாடு தின்னு சாணியும் போட்டுடுச்சு. இனிமே யாரு வந்து கேட்டாலும் எப்பிடிடா திருப்ப முடியும்? நீ வெளிய வா, சோறு ஆறிப் போவுது" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஒளியவில்லை.

வளர்ந்ததும் அம்மா வேலை செய்த பொம்மைக் கம்பெனியிலேயே நானும் சேர்ந்தேன். அச்சில் மண் கூழ் ஊற்றி, இறுகினதும் பிரித்தெடுக்கிற வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டாம் என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்தது. பொம்மைகளுக்குக் கண் வரைகிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். வேதக்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். நான் பேசாமல் இருந்தும் என் ஆசை எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவே போய்க் கேட்டாள். "பொண்ணு நல்லா இருக்குறா. சாமி எதுவா இருந்தா என்னா?" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணம் ஆனதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைக் கோயிலில் விட்டுவிட்டு வாசலில் நிற்பேன். அப்புறம் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். ஒருநாள் போதகர், தேவன் நம்மைத் தம் பிள்ளைகளாகச் சுவிகாரம் எடுத்திருக்கிறார் என்பதைப் பற்றிப் பேசினார். சுவிகாரம் என்றால் தத்தெடுப்பது என்று விளக்கினார். பெற்ற பிள்ளைக்கு என்ன உரிமையோ அத்தனையும் தத்துப் பிள்ளைக்கும் உண்டு, பிறகு யாரும் வந்து பிரிக்க முடியாது என்றார். மற்றவர்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள் போல. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒன்றை ஒரு சாமி செய்யும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை இல்லாத குறைக்காக எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவருக்குப் பிள்ளை இருந்தும் எடுத்திருக்கிறார்.

நான் அப்பா என்று யாரையும் கூப்பிடாமல் வளர்ந்தவன். அந்தச் சொல் என் வாயில் பழகவில்லை. மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் கம்பெனி கொட்டகையில் தனியாக நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு அழுதேன். அது சந்தோஷம்தான்.

ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அம்மா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சாமியும் உன்ன வாங்கிட்டாராமே?"

"ஆமாம்மா."

"எவ்ளோ தவுடு குடுத்தாரு?"

கேலியாகத்தான் கேட்டாள். எனக்குப் போதகர் மாதிரிப் பேச வராது. "தவுடு இல்லம்மா. அவரு புள்ளையக் குடுத்தாரு" என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது. "பெத்த புள்ளையவா?" என்றாள். "அந்தப் புள்ளையோட அம்மா என்னாடா பண்ணா?"

"கூடவே நின்னாங்களாம். சாவுற வரிக்கும்."

"பாவம்" என்றாள். மறுபடி மொச்சை உரிக்க ஆரம்பித்தாள். அவள் கோயிலுக்கு வந்ததில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விடவும் இல்லை. நானும் வற்புறுத்தியதில்லை. அவளிடம் அதைப் பற்றிப் பேச ஒரு நாள் வரும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். கடைசி வருஷங்களில் படுக்கைதான். நானும் மனைவியும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். தனக்குப் பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அவளுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு பிள்ளை இருக்கும்போது எதற்குச் சொல்லி வைக்க வேண்டும்?

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவள் அண்ணன் மகன் வேன் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களோடு வந்தான். பந்தல், மேளம் எல்லாம் அவன்தான் ஏற்பாடு செய்தான். கெட்டவன் இல்லை. என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனான்.

"மச்சான், தப்பா நெனச்சிக்காத. கொள்ளி நான் வச்சிடறேன்."

கையை என் தோளிலிருந்து எடுக்காமலே தொடர்ந்தான்.

"எங்க வூட்டுப் பொம்பளைக்கு எங்க ரத்தம் வைக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க. நீ தவுட்டுக்கு வாங்குன புள்ள. அதுவும் வேதத்துக்குப் போயிட்ட. நாளைக்கு அத்த ஆத்மா நிக்காம அலஞ்சா யாரு பதில் சொல்றது?"

பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "ரத்தமாம் ரத்தம்" என்று கூந்தலை முடிந்துகொண்டே வந்தாள். "அவ படுத்துக் கெடந்தப்ப பீத்துணி தொவச்சவன் இவன். அப்ப உங்க ரத்தம் எந்தப் பஸ்ஸுல மாட்டிக்கினு இருந்துச்சி?"

"நீ சும்மா இருக்கா, நல்லது கெட்டது தெரியாம."

"எனக்குத் தெரியாதுடா. எல்லாம் தெரிஞ்சவன் நீ, போன பொங்கலுக்காவது வந்து எட்டிப் பாத்தியா?"

சத்தம் பெரிதாவதைப் பார்த்து நான்தான் அக்காவைக் கையமர்த்தினேன். அம்மாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு சண்டை போடுவது எனக்குத் தாங்கவில்லை. கொள்ளி எனக்கு வேண்டாம், அது எங்கள் முறையும் இல்லை என்று அவனிடம் சொன்னேன். "தூக்க மட்டும் விடு. தலமாட்டுல ஒரு தோள் குடுக்கறேன்" என்று கேட்டேன். அவன் பெரியவர்களைப் பார்த்தான். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். "நாலு பேரு ஆயிடுச்சி மச்சான்" என்றான்.

ஆற்றங்கரையில் வாய்க்கரிசி போட வரிசை நிறுத்தினார்கள். முதலில் பங்காளிகள், அப்புறம் சம்பந்தி வகை, கடைசியில் தெருக்காரர்கள். மயானத்து ஆள் என்னைத் தெரியாதவன். "தெருக்காரங்கள்லாம் இப்பிடி வாங்க" என்றான். நான் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அம்மாவிடம் பால் வாங்குகிறவர் நின்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார். நான் முன்னால் போகவில்லை. என் முறை வந்தபோது அரிசியைப் போட்டேன். அவள் முகத்தை நன்றாகப் பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். பின்னால் இருப்பவர்களுக்கு இடம் விடச் சொன்னார்கள்.

மாமா மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தான். "புள்ள முறைக்கு யாரு?" என்று மயானத்து ஆள் கேட்டான். "நான்தான்" என்று அவன் சொன்னான்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் இத்தனை நாளாக அழுகிறேன். நெருப்புக்கு இல்லை. குடத்துக்கு இல்லை. புள்ள யாரு என்று கேட்டபோது வேறொருவன் பதில் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக மனமில்லை. மனைவி, "வாங்க, சும்மா உக்காந்துட்டு வரலாம்" என்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. துக்க வீட்டார் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களுக்காக ஜெபம் செய்தபின் எல்லாரும் வரிசையாக வந்து கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். அம்மா சபையைச் சேர்ந்தவள் இல்லை என்பதால் அப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை.

அறிவிப்புகள் முடிந்ததும் போதகர் சொன்னார். "நம்ம சபையில ஒருத்தர் தாயார இழந்து வந்திருக்காங்க. அந்த அம்மாவோட மகன் முன்னால வரட்டும்."

என்னால் எழ முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த நடைபாதையில் நான் முன்வரை போனது ஞானஸ்நானத்தன்று ஒருமுறைதான். மனைவி முதுகில் கை வைத்தாள். எழுந்து நடந்தேன். மகன் என்று சொல்லியிருக்கிறார்கள், மகன்தான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஜெபத்தில் போதகர் என்ன சொன்னார் என்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வயதானவர்கள், கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள், நான் ஒருநாளும் பேசாதவர்கள். "அம்மா போயிட்டாங்களா தம்பி" என்று கேட்டார்கள். பெற்ற அம்மாவா, வளர்த்த அம்மாவா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் போனபிறகும் எப்போது திரும்பிப் போய் உட்காருவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் போதகர் என் பெஞ்சுக்கே வந்து உட்கார்ந்தார். என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஐயா, அம்மாவ அவரு சேத்துக்குவாரா? அவங்க இங்க வந்ததே இல்ல."

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியலீங்க" என்றார். "ஆனா நீங்க கேளுங்க. புள்ளைங்க கேக்கலாம்" என்றார்.

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தத் 'தெரியலீங்க' கூடவே வந்தது.

தேவன் என்னைப் பிள்ளையாக எடுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. அது அழிகிற உறவு இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பெரியவரும் கூடி உட்கார்ந்து அதை மாற்ற முடியாது. இப்போது அந்த நன்றியைச் சொல்ல ஆரம்பித்தாலே அம்மா வந்துவிடுகிறாள். ஒரு பிள்ளையை வாரியெடுப்பது என்றால் என்ன என்று எனக்கு முதலில் காட்டியவள் அவள். அவள் செய்ததைப் பார்த்திராவிட்டால், அவர் செய்ததை நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

ஆகவே கேட்கிறேன். காலையில் வேலைக்குப் போகுமுன் கேட்கிறேன். எனக்கு நீளமாகக் கேட்க வராது. என்னை ஒருத்தரும் சிபாரிசு செய்யாமலேயே சேர்த்துக்கொண்டீர்கள், அவளுக்காக நான் வந்து நிற்கிறேன், அவள் பிள்ளை நான்தான் என்று சொல்கிறேன். இதுவரை ஒரு பதிலும் இல்லை. கேட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்புகிறேன்.